ரத்தான கேள்விக்கு விடை சொல்வதில்லை

என் முட்டாள்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் பாவம் பார்த்துக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிடுவார்கள்.

வேலைக்கான நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள். இந்தப் பக்கம் நான், இஸ்திரி போட்ட ஒரே சட்டையில். "ட்ராய் குதிரையைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டார். எனக்குக் குதிரை என்றால் கிண்டிதான். என் பெரியப்பா ரேஸ் பைத்தியம். அவர் புண்ணியத்தில் அங்கே ஓடுகிற குதிரைகளின் தாய், தகப்பன், ஜாக்கி வரைக்கும் எனக்கு அத்துப்படி. இந்தக் குதிரையை மட்டும் கேள்விப்பட்டதில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வம்சத்தில் அந்த வழக்கம் கிடையாது.

"நல்ல குதிரைதான் மேடம். ஆனா தரை ஈரமா இருந்தா அவ்வளவா ஓடாது" என்றேன்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, மிருகக்காட்சி சாலைக்குப் புதிதாக வந்த பிராணியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "திங்கட்கிழமை வந்துடுங்க" என்றார்.

மரத்தில் குதிரை செய்து, அதன் வயிற்றுக்குள் ஆளை ஒளித்துவைத்து, கிரேக்கர்கள் ஒரு நகரத்தையே கவிழ்த்த கதையை நான் படித்தது அதற்கு அப்புறம்தான். படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு நிதானமாக யோசித்தேன். சக்கரம் வைத்த மரக்குதிரை ஈரத் தரையில் ஓடாதுதான். நான் சொன்னதில் தப்பே இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், க்விஸ் நடத்துகிற இளைஞர்கள் சிலர் போன மாதம் அடையாற்றில் என் வீட்டுக்கு வந்தார்கள். போனில் ஒரு வரி தட்டினால் விடையோடு நூறு கேள்வி கொட்டும் என்று காட்டினார்கள். கொட்டத்தான் செய்தது. "நீங்கல்லாம் அந்தக் காலத்துல ஒரு கேள்விக்கு ஒரு வாரம் எடுத்துப்பீங்களாமே, அப்படி என்ன சார் பண்ணுவீங்க?" என்று அவர்களில் ஒரு பெண் கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்ன பண்ணினோம் என்று சொல்கிறேன். நன்றாகப் பண்ணினோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். என்னைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்கு அடக்கம் வரும். அந்த வேலையைப் பற்றிப் பேசும்போது வராது.

தொண்ணூறுகளின் தொடக்கம். தி.நகரில் ஒரு பாத்திரக் கடை, அதன் மாடியில் எங்கள் அலுவலகம். மாடிப்படியில் பாதியை அண்டாவும் குத்துவிளக்கும் பிடித்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியில் நாங்கள் ஒருக்களித்து ஏறுவோம். பள்ளிக்கூடங்களுக்கு வினாடி வினா நடத்திக் கொடுப்பது தொழில். ஊரில் மற்றவர்கள் இங்கிலீஷில் நடத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தமிழில் நடத்தினோம். கிரேக்க புராணம், இலக்கியம், இந்திய வரலாறு, இவ்வளவுதான் எங்கள் சரக்கு. சினிமா, கிரிக்கெட் கிடையாது. "அதுக்கு டீக்கடை இருக்கு" என்பார் லீலாவதி மேடம்.

என்னை நேர்காணல் செய்த அம்மாள்தான் லீலாவதி மேடம். கம்பெனியே அவர்தான். கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்து, பிரின்ஸிபாலோடு சண்டை போட்டு ராஜினாமா செய்தவர். மயிலாப்பூரில் வீடு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் என் பெயருக்கு முன்னால் ஒரு 'மிஸ்டர்' சேரும். 'வரதன்' என்று கூப்பிட்டால் தைரியமாக டீ சாப்பிடப் போகலாம். 'மிஸ்டர் வரதன்' என்றால் ஏற்கெனவே சாப்பிட்ட டீயும் செரிக்காது.

என்னை எதற்காக எடுத்தார் என்பது சேர்ந்த அன்றே தெரிந்துவிட்டது. கேள்வி எழுதுவதற்கு இரண்டு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். இருவருக்கும் எல்லாம் தெரியும். அதுதான் தொல்லை. எல்லாம் தெரிந்தவர் எழுதுகிற கேள்வி எல்லாம் தெரிந்தவருக்கு மட்டும்தான் ருசிக்கும். ஆகவே ஒன்றுமே தெரியாத ஒருவர் வேண்டியிருந்தது. அதே சமயம் எதைக் கேட்டாலும் கூசாமல் வாயைத் திறக்கிறவராகவும் அவர் இருக்க வேண்டும். கிண்டிக் குதிரை என் இரண்டு தகுதிகளையும் ஒரே ஓட்டத்தில் நிரூபித்திருந்தது.

வேலை இதுதான். மேடம் அட்டையிலிருந்து கேள்வியைப் படிப்பார். நான் ஊகிக்க வேண்டும். என் ஊகம் சரியாக இருந்தால், வரதனுக்கே தெரிந்துவிட்டது என்று அந்த அட்டையைக் கிழித்துவிடுவார். தெரியாவிட்டால் விடையைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் என்னை அறியாமல் "ஓஹோ!" என்றால் கேள்வி பாஸ். "அப்படியா?" என்றால் எழுதியவருக்கே திரும்பப் போகும். "சரி" என்றால் குப்பைத் தொட்டி.

ஒரு தடவை கேட்டார்: "செத்துப் போனவங்களை அக்கரைக்குக் கூட்டிட்டுப் போற படகோட்டிக்குக் கூலி கொடுக்கணும்னு கிரேக்கர்கள் பிணத்தோட காசு வெச்சு அனுப்புவாங்க. எங்க வெப்பாங்க?"

"நெத்தியில மேடம்." எனக்குத் தெரிந்த பிணங்களுக்கெல்லாம் அங்கேதான் வைத்திருந்தார்கள்.

"வாயில."

"ஓஹோ!"

அட்டையை எடுத்து வைத்துக்கொண்டார். "ரொம்ப நல்ல ஓஹோ" என்றார். அந்த வருடம் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

இந்த உத்தியோகத்தில் ஒரு கோளாறு இருந்தது. தினமும் கேள்வியையும் விடையையும் காதில் ஊற்றினால் எப்பேர்ப்பட்ட மண்டையிலும் கொஞ்சம் தங்கிவிடும். ஒரு நாள் மேடம், "நெருப்பைத் திருடினதுக்காகப் பாறையில கட்டிப்போட்டு..." என்று தொடங்கினார். "கழுகு வந்து ஈரலைத் தின்னும் மேடம். தின்னது மறுபடி வளரும்" என்றேன். அடுத்த அட்டைக்கும் பதில் சொன்னேன். அதற்கடுத்ததுக்கும். மேடம் அட்டைக் கட்டைக் கீழே வைத்தார்.

"மிஸ்டர் வரதன், நீங்க கெட்டுப் போயிட்டீங்க."

அறிவு வந்ததால் வேலை போன ஒரே ஆள் இந்தச் சென்னையில் நானாகத்தான் இருப்பேன். எனக்குப் பதிலாக, கீழே பாத்திரக் கடையில் பில் போடுகிறவர் மத்தியான வேளைகளில் மாடி ஏறி வந்து "ஓஹோ" சொல்லிவிட்டுப் போனார். என்னைச் சரிபார்ப்புக்கு மாற்றினார்கள்.

சரிபார்ப்பு என்றால் மூன்று சல்லடை. மேடம் பென்சிலைப் பிடித்துக்கொண்டு "ஆதாரம்?" என்பார். இரண்டு புத்தகங்களைக் காட்ட வேண்டும். அது முதல் சல்லடை. அந்த இரண்டில் ஒன்று மற்றொன்றைப் பார்த்துக் காப்பியடித்ததாக இருக்கக் கூடாது. அது இரண்டாவது. பல புத்தகங்கள் ஒரே வயிற்றில் பிறந்தவை. தப்பைக்கூட ஒரே மாதிரி செய்யும். அதைக் கண்டுபிடிக்க நான் மயிலாப்பூரில் ஒரு நூலகத்துக்கும் அடையாற்றில் ஒரு நூலகத்துக்கும் பஸ்ஸில் அலைவேன்.

மூன்றாவது சல்லடையின் பெயர் சேஷாத்ரி மாமா.

இதைப் புரிந்துகொள்ள மயிலாப்பூர் சபா ஹாலைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே வருகிறவர்கள் பல வருஷமாகக் கச்சேரி கேட்டுப் பழகியவர்கள். பாடகர் தொண்டையைச் செருமினாலே என்ன ராகம் என்று பக்கத்து நாற்காலிக்குச் சொல்லிவிடுவார்கள். எங்கள் க்விஸுக்கு வந்தாலும் அதேதான். நாங்கள் கேள்வியைப் பாதி படிப்பதற்குள் நாலாவது வரிசையில் விடை கிளம்பிவிடும். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. தெரிந்ததைப் பக்கத்தில் சொல்லாவிட்டால் அவர்களுக்கு மூச்சு முட்டும்.

அதற்காகவே ஒரு விதி வைத்திருந்தோம். ஹாலிலிருந்து விடை வந்தால் அந்தக் கேள்வி ரத்து. பதிலுக்கு உபரி அட்டைக் கட்டிலிருந்து வேறு கேள்வி கேட்கப்படும். ரத்தான கேள்வியின் விடையை மேடையில் சொல்ல மாட்டோம். அட்டை அப்படியே பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். சொன்னால் கத்தினவருக்குக் கைதட்டல் கிடைக்குமாம். ஒருவருக்குக் கிடைத்தால் அடுத்த தடவை ஹாலே கத்தும் என்பது மேடத்தின் கணக்கு.

சேஷாத்ரி மாமா கத்துகிற ரகம் இல்லை. கடைசி வரிசையில், நடைபாதை ஓர நாற்காலியில், மடக்கின குடையோடு உட்கார்ந்திருப்பார். கேள்வி முடிந்து, விடை முடிந்து, கைதட்டல் முடிந்த பிறகு குடை மட்டும் மெதுவாக மேலே எழும். "ஒரு சந்தேகம்." அவ்வளவுதான், அந்தக் கேள்வியைத் தோலுரித்துத் தொங்கவிடுவார். அதனால் ஒவ்வொரு அட்டையையும் முடிக்கும் முன் மேடமே பென்சிலைக் குடை மாதிரித் தூக்கி, அதே குரலில் "ஒரு சந்தேகம்" என்பார். அந்தப் பென்சிலுக்குத் தப்பினால் அட்டை மேடைக்குப் போகலாம்.

ஓர் உதாரணம். விதிஷாவுக்குப் பக்கத்தில் பெஸ்நகர் என்கிற ஊரில், பழைய காலத்தில் ஒரு கிரேக்கத் தூதர் வாசுதேவனுக்காகக் கல்தூண் நட்டிருக்கிறார். 'அதன் உச்சியில் இருந்த பறவை எது? கருடன்' என்று அட்டை வந்தது. (பெசன்ட் நகரில் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று நான் கேட்டதையும் பதிவு செய்துவிடுகிறேன். அறிவு வந்த பிறகும் பழைய திறமை போகவில்லை.) கிரேக்கமும் இந்திய வரலாறும் ஒரே தூணில் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கின்றன, இதைவிட எங்களுக்கு என்ன வேண்டும் என்று துள்ளிக்கொண்டு போனேன். பென்சில் எழுந்தது.

"ஒரு சந்தேகம். உச்சியில கருடன் இருந்ததை நீங்க பார்த்தீங்களா?"

"புத்தகத்துல போட்டிருக்கு மேடம்."

"தூண் நிக்கறது. மேல இருந்தது இப்ப அங்க இல்லையே. இல்லாத பறவைக்கு நீங்க எப்படி மார்க் போடுவீங்க?"

நானும் பஸ்ஸும் ஒரு வாரம் அலைந்தோம். கடைசியில் பிடி கிடைத்தது. தூணில் உள்ள கல்வெட்டே தன்னைக் கருடக் கம்பம் என்று சொல்கிறது. உச்சியில் என்ன இருந்தது என்று கேட்கக் கூடாது, கல்வெட்டு அதை எந்தப் பறவையின் பெயரால் சொல்கிறது என்று கேட்க வேண்டும். அட்டையில் மாறியது சில வார்த்தைகள்தான். மேடம் படித்தார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார், அட்டையை உபரிக் கட்டில் சேர்த்தார். "வரதன், டீ சாப்பிட்டுட்டு வாங்க" என்றார்.

மேடையில் கேள்வி கேட்கிறவருக்கு ஒரு நாள் தொண்டை கட்டிக்கொண்டதால் நான் மேடை ஏறினேன். முதல் நாளே அட்டையைத் திருப்பிப் பிடித்து, "மினோடார்!" என்று கணீரென்று விடையைப் படித்தேன். ஹால் கொல்லென்று சிரித்தது. குடை எழுந்தது. "ஒரு சந்தேகம். கேள்வியை நாங்க சொல்லணுமா?" என்றார் சேஷாத்ரி மாமா. இவ்வளவு கேவலமாகத் தொடங்கியவனுக்கு இனிமேல் கீழே இறங்க இடமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மேடம் என்னை அந்த வேலையிலேயே வைத்துக்கொண்டார். உண்மையிலேயே நான் நன்றாகச் செய்தேன். சிரிக்க வைத்துக்கொண்டே நேரத்தைக் காப்பாற்றுவேன். மேடம் மேடைக்குக் கீழே நடுவர் மேசையில் உட்கார்ந்திருப்பார். மேடையில் முடிவு என்னுடையது, சந்தேகம் வந்தால் மட்டும் அவரைப் பார்க்கலாம் என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

இனி அந்தக் கஷ்டமான வழக்கு.

கச்சேரி சீசனுக்கு முந்தின மாதம், அதே சபா ஹாலில் பள்ளிகளுக்கான இறுதிப் போட்டி. ஜெயிக்கிற அணியை ஜனவரியில் டில்லிக்கு, நாடு முழுவதற்குமான போட்டிக்கு அனுப்புவோம். ஒரு பக்கம் தி.நகர்ப் பையன்கள் இருவர். மறு பக்கம் சாந்தோம் பள்ளிப் பெண்கள் இருவர். அதில் ஸ்டெல்லா என்கிற பெண் முந்தின வருஷமும் இறுதி வரை வந்து, ஒரே ஒரு கேள்வியில் இதே பையன்களிடம் தோற்றவள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. இதை விட்டால் அவளுக்கு அடுத்த வருஷம் கிடையாது.

ஆரம்பிப்பதற்கு முன்னால், ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த என்னிடம் ஓர் அம்மாள் மேடை ஓரமாக வந்தார். கையில் ஒரு துணிப் பை. பையிலிருந்து சிவப்பு ஸ்வெட்டரை எடுத்து என் கண்ணுக்கு முன்னால் விரித்தார்.

"வாத்தியாரே, டில்லில குளிரு ஜாஸ்தியாமே. இது போதுமா பாரு."

"நீங்க யாரும்மா?"

"ஸ்டெல்லா அம்மா. ஞானம்மா. சாந்தோம் குப்பம். இன்னிக்கு மீனு யாவாரத்துக்கு லீவு வுட்டுட்டேன்."

"அம்மா, முதல்ல உங்க பொண்ணு ஜெயிக்கட்டும்."

"அது ஜெயிக்கும். குளிரு தாங்குமா, அத்த சொல்லு."

தாங்கும் என்றேன். டில்லிக் குளிரை நானும் பார்த்ததில்லை. வம்ச வழக்கம்.

ஞானம்மா மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என்று ஸ்டெல்லா பிற்பாடு சொன்னாள். போட்டி ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று சூடேறியது. பையன்கள் முந்துவார்கள், பெண்கள் பிடிப்பார்கள். கடைசிக் கேள்விக்கு வந்தபோது இரண்டு அணியும் சமம். யார் முதலில் மணியை அடிக்கிறார்களோ அவர்கள் பதில் சொல்லலாம்.

நான் அட்டையை நேராகத்தான் பிடித்தேன். படித்தேன்: "ஹெர்குலிஸ் செய்து முடித்த வேலைகள் பன்னிரண்டு. பழைய கதையின்படி, தொடக்கத்தில் அவனுக்கு விதிக்கப்பட்டவை எத்தனை?"

ஸ்டெல்லாவின் மணி அடித்தது. அவள் பக்கத்து விளக்கு எரிந்தது. அவள் எப்போதுமே மணியடித்த பிறகு ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் பேசுவாள். வாயைத் திறந்தாள். மூச்சை இழுத்தாள்.

"பத்துடீ!" மூன்றாவது வரிசையில் ஞானம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். சிவப்பு ஸ்வெட்டர் கையில் கொடி மாதிரி. "பத்து சொல்லு! எங்கிட்ட சொன்னியே, பத்துடீ!"

பையன்களின் ஆட்கள் "ரத்து! ரத்து!" என்று கூவினார்கள். ஸ்டெல்லா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கதையில் ஹெர்குலிஸ் காட்டுப்பன்றியைத் தோளில் போட்டுக்கொண்டு வரும்போது, வேலை சொன்ன ராஜா பயந்துபோய் ஒரு வெண்கல ஜாடிக்குள் இறங்கி ஒளிந்துகொள்வான். எங்கள் மாடிப்படியில் அத்தனை அண்டா இருந்தும் அன்றைக்கு மேடையில் ஒன்றுகூட இல்லை.

"கேள்வி ரத்து" என்றேன். அட்டையை டின்னில் போட்டேன்.

"ஏன்? தப்பா?" என்றார் ஞானம்மா.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. உபரிக் கட்டை எடுத்து, இரண்டு அணியையும் பார்த்து, "மணியில் கை வையுங்கள்" என்றேன். பழக்கம் அப்படித்தான். உபரிக் கேள்வி எப்போதுமே இருவருக்கும் பொது.

ஸ்டெல்லா கை வைக்கவில்லை. கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு சந்தேகம்."

கடைசி வரிசையில் சேஷாத்ரி மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் சொத்தை யாரோ எடுத்து ஆள்கிறார்கள்.

"எங்கம்மா கத்திடுச்சு. ரத்து. அதை நான் ஒத்துக்கறேன் சார். ஹெர்குலிஸுக்கும் அதானே ஆச்சு? பல தலைப் பாம்பைக் கொல்றப்ப தம்பி பையன் கூட நின்னு ஒத்தாசை பண்ணான். லாயம் கழுவுறதுக்கு இவன் கூலி கேட்டான். ரெண்டு வேலையையும் ராஜா கணக்குல சேக்கலை. எங்கம்மாவே இதைக் கேட்டுட்டு, வேலையும் வாங்கிக்கினு கணக்குல சேக்க மாட்டேன்றானே, எங்க ஏலக்காரன் மாதிரியேன்னு திட்டுச்சு."

ஹால் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"ஆனா சார், அதுக்குப் பதிலா ரெண்டு வேலை குடுத்தாங்களே, அதை யாருக்குக் குடுத்தாங்க? ஹெர்குலிஸுக்கேதானே? தெருவுல போறவனை எல்லாம் கூப்ட்டு, யாரு முதல்ல ஓடி வர்றீங்களோ அவங்க செய்யுங்கன்னா சொன்னாங்க? மணி நான் அடிச்சேன் சார். பதிலுக்கு வர்ற கேள்வியும் எனக்குத்தான்."

பையன்களின் ஆசிரியர் எழுந்து, "சார், உங்க ரூல் என்ன சொல்லுது?" என்றார்.

எங்கள் விதி என்ன சொல்கிறது என்று நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். 'பதிலுக்கு வேறு கேள்வி கேட்கப்படும்.' அவ்வளவுதான். யாரிடம் என்று இல்லை. ஒவ்வொரு கேள்வியையும் மூன்று சல்லடையில் சலித்த நாங்கள், விதியை ஒரு தடவைகூடச் சலிக்கவே இல்லை. கருடனுக்காக ஒரு வாரம் பஸ்ஸில் அலைந்தவன், இந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் பென்சிலைத் தூக்கவில்லை. மேடமும் தூக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் குடையும் எழவில்லை.

நடுவர் மேசையைப் பார்த்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே சமயத்தில் அதே இடம் சுட்டிருக்கிறது என்று தெரிந்தது.

"முடிவு உங்களோடது" என்றார். "ஆதாரம்?"

"மணி அவளோடது மேடம். மத்ததுக்கு, டின்னுக்குள்ள போன அட்டையே ஆதாரம்."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பென்சில் மேசையிலேயே கிடந்தது. அது போதும். உபரிக் கேள்வி முதலில் ஸ்டெல்லா அணிக்கு, அவர்கள் தவறினால் பையன்களுக்கு என்று அறிவித்தேன். அந்த ஆசிரியர் மறுபடி எழப் பார்த்தார். அதற்குள் குடை எழுந்தது.

"குழந்தை சொல்றது நியாயம். ஆனா ஒரு கண்டிஷன். அந்தம்மா வாயைத் திறக்கப்படாது. அவாளால முடியுமான்னு கேளுங்கோ."

ஞானம்மா ஹாலைத் திரும்பிப் பார்த்தார். பையில் ஸ்வெட்டரைத் திணித்துக்கொண்டார்.

"முடியாது. இங்க குந்திகினு இருந்தா என் வாய் சும்மா இருக்காது. நான் வெளிய போய்க்கிறேன். நீ கேளு வாத்தியாரே."

நடுப் பாதை வழியாக அவர் வெளியே நடந்து போனார். கதவு சாத்திய பிறகு நான் உபரிக் கட்டின் மேல் அட்டையை எடுத்தேன். கருடன் அட்டை.

படித்தேன். கிரேக்கத் தூதர், பெஸ்நகர், கல்தூண். "அந்தத் தூணில் உள்ள கல்வெட்டு, அதை எந்தப் பறவையின் கம்பம் என்று சொல்கிறது?"

"இன்னொரு தடவை படிங்க சார்."

படித்தேன். பக்கத்துப் பெண்ணோடு குசுகுசுவென்று பேசினாள். மூச்சு இழுத்தாள். இந்தத் தடவை அவளை யாரும் முந்தவில்லை.

"கருடன், சார். கல்வெட்டு சொல்றது கருடன். தூண் மேல என்ன இருந்துச்சுன்னு கேட்டிருந்தீங்கன்னா, நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன், சண்டை போட்டிருப்பேன்."

நடுவர் மேசையிலிருந்து பென்சில் உருண்டு கீழே விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. லீலாவதி மேடம் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். ஒரு வாரம் என்ன பண்ணினீர்கள் என்று கேட்ட பெண்ணே, இதைத்தானம்மா பண்ணினோம்.

"சரியான விடை" என்றேன். ஹால் கைதட்டியது. தோற்ற பையன்களில் ஒருவன் வந்து ஸ்டெல்லாவிடம், "உங்கம்மாவை டில்லிக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்றான். "அதுக்குத்தான் ஸ்வெட்டர் ஒண்ணே ஒண்ணு வாங்கிச்சு" என்றாள் அவள். மேடம் மேடை ஏறி வந்தார். "நாளைக்கு வேற வேலை கிடையாது, மிஸ்டர் வரதன். விதியைச் சலிக்கறோம்" என்றார். 'மிஸ்டர்' இருந்தும் எனக்கு அன்று பயமாக இல்லை.

சந்தடி கொஞ்சம் அடங்கியதும் நான் வாசலுக்கு ஓடினேன். அந்தச் செய்தியை நானே சொல்ல வேண்டும் என்று ஆசை. எவ்வளவு நியாயமாகத் தீர்ப்புச் சொன்னேன் என்பதையும் விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசை. ஸ்கூட்டர்கள் நிறுத்தியிருந்த இடத்தில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஞானம்மா நின்றிருந்தார்.

"அம்மா, உங்க பொண்ணு ஜெயிச்சாச்சு! டில்லி போறா!"

"கை தட்டுனாங்களே, கேட்டுச்சு" என்றார். கண் இரண்டும் நனைந்திருந்தன. முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "இனிமே ஹால்ல வாயைத் திறக்காதீங்கம்மா. இன்னிக்கு நான் மேடையில இருந்ததால தப்பிச்சீங்க. வேற யாராவது இருந்திருந்தா விதி என்ன, நியாயம் என்னன்னு பாத்திருக்க மாட்டாங்க. அந்த ராஜா என்ன பண்ணான்னா..."

ஞானம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அதெல்லாம் கெடக்கட்டும், பத்து கரெக்டா இல்லியா, அத்த சொல்லு."